சுவரைப் பார்த்துத் தொங்கிய வசனம்

எங்கள் ஊர் காஜா பெராங்கில் யோவன்னாளை ஏமாற்றினேன் என்று மார்தட்டிக்கொள்ள ஒரு ஆள் கிடையாது. அவள் தையல்காரி. பண்டார் ஹிலிரில் ஷரீஃபுதீன் துணிக்கடையில், அவர் தன் கோலால் மூன்று கஜம் அளந்து வெட்டிக் கொடுத்தால், இவள் கழுத்தில் கிடக்கும் நாடாவை உருவி அங்கேயே இன்னொரு தடவை அளப்பாள்.

"ஏம்மா, என் கோல் என்ன ஜப்பான்காரன் விட்டுட்டுப் போன கோலா?"

"யார் விட்டுட்டுப் போனதோ, எனக்கென்ன தெரியும் பாய்? துணி என்னோடது, நான் அளக்கிறேன்."

"அளந்துக்க, அளந்துக்க. ஒரு நாளைக்கு என்னையும் அளந்து பாத்துட்டுத்தான் விடுவ."

பாசாரில் மீன்காரன் ஒரு பக்கத்துச் செவுளைத் தூக்கிக் காட்டினால், மறுபக்கத்தையும் காட்டச் சொல்லுவாள். நாட்டுக்கு மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து தெருவெல்லாம் கொடி பறந்த அன்றைக்குக்கூட, "வெள்ளைக்காரன் இவ்வளவு சமத்தா கிளம்புறான்னா பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டவள். சிரிக்காதீர்கள். புருஷனை லோரியில் ஏற்றிக்கொண்டு போன ஜப்பான்காரர்கள், மூன்று மாதத்தில் திருப்பி அனுப்புகிறோம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவள் யாரை நம்புவாள்?

புருஷன் பெயர் நல்லையா. முனிசிபாலிட்டியில் தண்ணீர்க் குழாய் பழுது பார்க்கிற வேலை. நல்ல மனுஷன்தான், ஆனால் தட்டில் கை வைத்ததும் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை, "உப்புப் போட்டியா, மறந்துட்டியாடி?" தினமும் இதே பாட்டு. அவர் வாய்க்காக அவள் குழம்பில் உப்பைக் கொஞ்சம் தூக்கிப் போட ஆரம்பித்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் அவரைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டு போனார்கள். அவள் கை மட்டும் பழைய உப்பு அளவிலேயே நின்றுவிட்டது. மகள் ஜெயா ஆறு வயதிலிருந்து அந்த உப்பைத் தின்று வளர்ந்தவள். தண்ணீரை இரண்டு டம்ளராக வைத்துக்கொண்டு உட்காருவாள், ஏன் என்று கேட்டதில்லை.

சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பி வந்தவர்களில் ஒருவன் தேவதாஸ். போகும்போது இருபது வயது. வரும்போது பார்த்தால் வயது சொல்ல முடியாது. அவன்தான் செய்தி கொண்டுவந்தான். "அக்கா, அண்ணன் கர்த்தருக்குள்ள போயிட்டாரு. பாக்கியமான சாவு, அக்கா. கீர்த்தனை பாடிக்கிட்டே, கையக் கூப்பிக்கிட்டே, சிரிச்ச முகமாப் போனாரு. நானே குழி வெட்டி, ஜெபம் பண்ணி, மரச் சிலுவை நட்டுட்டு வந்தேன்."

சபையே கண்ணைத் துடைத்துக்கொண்டது. யோவன்னாள் துடைக்கவில்லை.

"கீர்த்தனையா? யாரு, அவரா?"

கோயிலில் எல்லாரும் எழுந்து நின்று பாடும்போது நல்லையா உதட்டை மட்டும் அசைப்பார். பக்கத்தில் நிற்கிறவளுக்குத் தெரியாதா? ஒரு மாதம் கழித்து தேவதாஸை மறுபடி பிடித்தாள். குழி எந்த மரத்தடியில், அன்றைக்கு மழையா வெயிலா என்று கேட்டாள். மழை என்றான். இன்னொரு மாதம் கழித்துக் கேட்டபோது வெயில் என்றான். அவ்வளவுதான். அவள் தாலியைக் கழற்றவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. செத்தார் என்று சொல்கிறவன் பொய் சொல்கிறான் என்றால், ஆள் உயிரோடு எங்கேயோ இருக்கிறார் என்றுதானே அர்த்தம்? சயாமில் ஏதோ ஒரு ஊரில் குழாய் பழுது பார்த்துக்கொண்டு, யாரோ ஒருத்தியிடம் உப்பு கேட்டுக்கொண்டு. அதை நினைத்துக் கோபம்கூட வரும் அவளுக்கு.

காலம் போய், அந்த தேவதாஸே சபைக்கு உபதேசியார் ஆனார். போதகர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார், மற்ற நாளெல்லாம் ஆராதனையும் ஜெபமும் இவர் பொறுப்பு. வருஷப்பிறப்பு அன்று வசன அட்டை எடுக்கிற வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் இவர்தான். தன் கையாலேயே வெள்ளை அட்டைகளில் ஒவ்வொரு வசனமாக எழுதி, பழைய பிஸ்கட் டின்னுக்குள் கவிழ்த்துப் போட்டு நீட்டுவார். வீட்டுக்கு ஒருவர் வந்து ஒன்றை எடுத்து, சத்தமாக வாசிக்க வேண்டும். சபை ஆமென் சொல்லும். அந்த அட்டையை வீட்டுச் சுவரில் வருஷம் முழுக்க மாட்டி வைத்து, டிசம்பர் கடைசியில் திருப்பிக் கொடுத்தால், மறுபடி அதே டின்.

பெரிய குமாஸ்தா தம்பிராஜா வீட்டுக்கு எந்த வருஷமும் நல்ல வசனம்தான் வரும். களஞ்சியம் நிரம்பும், தொட்டது துலங்கும், அந்த மாதிரி. அவருக்குக் கார், மூன்று ஆண்பிள்ளை, ரேடியோ. அவர் மனைவி எழுந்து நின்று சாட்சி சொன்னால் அரைமணி நேரம் போகும். ஆசீர்வதிக்கப்பட்ட குடும்பம் என்றால் காஜா பெராங்கில் அது அந்த வீடு, வேறு பேச்சே இல்லை. அப்படியானால் தையல் மெஷின் ஓடுகிற வீட்டுக்கு என்ன பெயர் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மரியாதைக்காரர்கள்!

ஐம்பத்தாறாம் வருஷப் பிறப்பில் யோவன்னாள் எடுத்த அட்டையில், துக்கப்படுகிறவர்கள் பாக்கியம் பெற்றவர்கள், அவர்களுக்கு ஆறுதல் கிடைக்கும் என்ற வசனம் இருந்தது. அவள் வாசிக்கவில்லை. "யாரு துக்கப்படுறா இங்க?" என்று உபதேசியாரை முறைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். மாட்டாமல் இருக்கவும் பயம், மாட்டவும் மனமில்லை. அதனால் சமையல்கட்டில், அடுப்புக்கு மேலே, எழுத்து சுவரைப் பார்க்கத் திருப்பி ஆணியில் தொங்கவிட்டாள்.

ஐம்பத்தேழிலும் அவள் கைக்கு அதே வசனம் வந்தது.

இருபத்தெட்டு அட்டைக்குள் அதே ஒன்று இரண்டாம் தடவை வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அவளுக்குச் சொல்ல வேண்டுமா! 'இவன் செருகுறான். நான் அழுதே ஆகணும்னு செருகுறான். அழுதா இவன் சொன்ன பொய் மெய்யாயிடும்ல?' அந்த வருஷமும் அட்டை அடுப்புக்கு மேலே, முகம் சுவருக்கு.

இதற்கிடையில் ஜெயாவுக்கு ஒரு இடம் வந்தது. உஜோங் பாசிர்ப் பையன் ராஜரத்தினம், டெலிபோன் இலாகாவில் கம்பம் ஏறுகிற வேலை. ஜெயாவுக்கும் பிடித்திருந்தது. அதை அவள் சொல்லவில்லை, அவன் வந்து போன அன்று பாவாடைக்கு நாடா கோர்க்க வேண்டிய இடத்தில் சட்டைக் கை ஒன்றை வைத்துத் தைத்தாள். எல்லாம் பேசி முடித்து ஓலையில் வந்து நின்றது. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை உண்டானால் சொல்லுங்கள் என்று. பையனின் தாய் நேராகவே கேட்டாள்.

"ஓலையில எப்படி வாசிப்பாங்க? நல்லையா மகளா, காலஞ்சென்ற நல்லையா மகளா?"

"நல்லையா மகள்."

"அப்ப அவரு எங்க? கோயில்ல நாலு பேரு கேட்டா நாங்க என்ன சொல்றது? புருஷன் விட்டுட்டுப் போன வீடுன்னு பேசமாட்டாங்களா? செத்துட்டாருன்னா செத்துட்டாருன்னு சொல்லுங்க, எங்களுக்கு ஒண்ணும் இல்ல. வருஷப்பிறப்புக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்கம்மா. சிரம்பான்ல ஒரு பொண்ணு இருக்கு, நாங்க காத்துக்கிட்டே இருக்க முடியாது."

அன்றைக்கு ஜெயா முதல்முறையாகத் தாயிடம் குரலை உயர்த்தினாள். "அப்பா உசிரோட இருந்து வரலைன்னா அவரு கெட்டவரு. செத்துப்போய் வரலைன்னா நல்லவரு. உங்களுக்கு எதும்மா வேணும்?" யோவன்னாள் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள், ஊசியில் நூல் இல்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் பிறந்த காலை. கோயில் நிறைந்திருந்தது, பையன் வீட்டாரும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். யோவன்னாள் ஒரு தீர்மானத்தோடு வந்திருந்தாள். இன்றைக்கு உபதேசியாரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். பிடித்துவிட்டால் பழைய பொய்யும் சேர்ந்து வெளியே வரும், ஓலையில் நல்லையா மகள் என்றே வாசிக்கலாம்.

டின்னுக்குள் எட்டிப் பார்த்தாள். கவிழ்ந்து கிடந்த அட்டைகளின் முதுகெல்லாம் வெள்ளை வெளேர் என்றிருந்தது. 'எல்லாம் புதுசு. நேத்து எழுதிச் செருகுனது.' ஒன்றே ஒன்று மட்டும் பழுப்பேறிக் கிடந்தது. அதுதான் ஆதியில் எழுதிய பழைய அட்டை, அதில் யாரும் கைவைத்திருக்க மாட்டார்கள் என்று போன வருஷம் நினைத்த மாதிரியே நினைத்து, அதையே எடுத்தாள். திருப்பினாள்.

துக்கப்படுகிறவர்கள்.

"போதும்யா உங்க விளையாட்டு!" என்று அவள் போட்ட சத்தத்தில் கைக்குழந்தைகள் விழித்துக்கொண்டன. டின்னைப் பிடுங்கி மேசைமேல் கொட்டினாள். "மூணு வருஷமா எனக்குன்னு எழுதி வைக்கிறீங்களே, மத்தவங்களுக்கு என்ன எழுதியிருக்கீங்க, பாப்போம்!" ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எல்லாம் வேறு வேறு வசனம். எழுத்தெல்லாம் மங்கி, முகமெல்லாம் தூசி படிந்து, ஓரமெல்லாம் விரல் பட்ட பழைய அட்டைகள். முதுகு மட்டும்தான் புதிது போல இருந்தது.

ஜெயா எழுந்து வந்து தாயின் கையிலிருந்த அட்டையை வாங்கினாள். முதுகை மூக்கருகே கொண்டுபோனாள்.

"அம்மா, இது நம்ம வீட்டு அடுப்புப் புகை."

யோவன்னாள் விழித்தாள்.

"எல்லாரும் எழுத்து தெரிய மாட்டுறாங்க, அதனால முகத்துல தூசி படியுது, முதுகு அப்படியே இருக்கு. நீங்க திருப்பி மாட்டுனீங்க. முதுகுல புகை ஏறிப்போச்சு. யாரும்மா செருகுனா? பழுப்பா இருக்கேன்னு நீங்களேதான் தேடி எடுத்திருக்கீங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். யோவன்னாளுக்குக் காது மடலெல்லாம் சூடேறியது. ஊரையே அளந்து பார்த்தவள், தன் வீட்டுப் புகையை அளக்காமல் விட்டுவிட்டாளே! உபதேசியார் நினைத்திருந்தால் அந்த இடத்தில் நிமிர்ந்து நின்றிருக்கலாம். அந்த மனுஷன் மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, அட்டையில நான் கை வைக்கல. ஆனா நீங்க என்னைச் சந்தேகப்பட்டது சரிதான். அண்ணன் விஷயத்துல நான் பொய் சொன்னேன்."

மண்டியிட்டபடியே யோவன்னாளின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"பாட்டும் இல்ல, ஜெபமும் இல்ல. காலரா. எல்லாரும் விலகி ஓடிட்டோம், நானும்தான். குடிசை வாசல்ல நின்னு எட்டி எட்டிப் பாத்தேன், உள்ள போகப் பயம். ஜப்பான்காரனைத் திட்டுனாரு, என்னைத் திட்டுனாரு, கடவுளையும் திட்டுனாரு. குழியும் வெட்டல. மூங்கிலை அடுக்கி மொத்தமா எரிச்சாங்க, மழையா வெயிலான்னு நான் பாக்கவே இல்ல. திட்டிக்கிட்டே செத்தாருன்னு இங்க வந்து சொன்னா அவரு பேரு என்னாகும்? ஆசீர்வாதமான சாவுன்னு சொன்னா உங்களுக்கு ஆறுதலா இருக்கும்னு..."

"கடைசியா என்ன சொன்னாரு?" யோவன்னாளின் குரல் தையல் ஊசி மாதிரி வந்தது. "பொய் சொல்லாதீங்க. கடைசியா என்ன சொன்னாரு?"

"யாரோ ஒருத்தன் கஞ்சி ஊத்துனான். ஒரு வாய் குடிச்சிட்டுத் துப்பிட்டாரு. 'யோவன்னா, உப்புப் போட்டியா, மறந்துட்டியாடி'ன்னாரு. அதுக்கப்புறம் பேச்சு இல்ல, அக்கா."

அந்த வார்த்தை அவளுடைய வீட்டுச் சோற்றுத் தட்டைத் தாண்டி வெளியே போனதே இல்லை. யாரும் அதைக் கற்பனை பண்ணிச் சொல்ல முடியாது. பதினைந்து வருஷமாக அவள் தேடிக்கொண்டிருந்த சாட்சி அதுதான், வந்து கையில் விழுந்துவிட்டது.

தேவதாஸின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்தாள். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா என்னடா? பாட்டுப் பாடிச் செத்தவர் யாரோ, எனக்கென்ன தெரியும்! இவர்டா என் புருஷன்! இவரைத்தானடா நான் தேடிக்கிட்டு இருந்தேன்!"

பிறகு அழுதாள். பதினைந்து வருஷத்து அழுகை, அடக்கமாகவா வரும்? தம்பிராஜாவின் மனைவி ஓடிவந்து, "வருஷப்பிறப்பும் அதுவுமா அழக்கூடாதும்மா, ஆசீர்வாதம் போயிடும்" என்றாள்.

"போனா போகட்டும்" என்றாள் ஜெயா. "அழட்டும், விடுங்க."

வெகுநேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யோவன்னாள் அட்டையை எடுத்தாள். மூன்று வருஷமாக வாசிக்காத வசனத்தைச் சபைக்கு முன்னால் சத்தமாக வாசித்தாள். "ஆறுதல் வரல, வரலைன்னு கடவுள் மேலேயே சந்தேகப்பட்டேன்" என்றாள், யாரையும் பார்க்காமல். "நான்தான் அழவே இல்லையே. அவரு யாருகிட்ட கொண்டுவந்து குடுப்பாரு?" தரையில் உட்கார்ந்திருந்த தேவதாஸ் ஆமென் என்றார். பையனின் தாயும் சொன்னாள். கார் வைத்திருக்கிறவர்கள் சொன்னார்களா என்று நான் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அட்டையை அதே ஆணியில் மாட்டினாள், எழுத்து தெரிய. தாலியைக் கழற்றி வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள், காலஞ்சென்ற நல்லையாவின் மகள் ஜெயா என்று. 'காலஞ்சென்ற' என்ற இடத்தில் உபதேசியாரின் குரல் கொஞ்சம் தடுக்கியது, யோவன்னாள் தலையசைத்த பிறகு தொடர்ந்தார்.

மத்தியானம் வீட்டில் மீன்குழம்பு. ஜெயா வழக்கம் போல இரண்டு டம்ளர் தண்ணீரோடு வந்து உட்கார்ந்து, முதல் கவளத்தை வாயில் வைத்தாள். உப்பு அளவாக இருந்தது. அப்பா செத்துப்போனது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.