பிஸ்கட் டின்னும் மணியம் அண்ணனும்

தேத்தண்ணிக் கடை மணியம் அண்ணே இறந்துவிட்டார். இன்று விடியற்காலை, ஈப்போ ஆஸ்பத்திரியில்... மார்க்கெட் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன்.

அப்போதிருந்து எல்லாரும் "நல்ல மனுஷன்" என்று போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். போடுங்கள். எனக்குத்தான் கை வரவில்லை.

இத்தனை வருஷம் அவருக்கு எதிர்க் கடையிலும் பக்கத்துக் கடையிலும் உட்கார்ந்து பூ விற்றவள் நான். ஒரு வார்த்தைகூட எழுதாமல் இருந்தால் அதுவும் பொய் மாதிரி இருக்கிறது.

பழைய பாசார், அந்த மார்க்கெட் கட்டடம், ஞாபகம் இருக்கிறதா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் வெள்ளைக்காரன் கட்டியது, இரும்புத் தூண் எல்லாம் வைத்து. அங்கே என் பூக்கடை வாசலிலேயே இருந்தது. கோயிலுக்குப் போகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மணியம் அண்ணே கடை எனக்கு நேர் எதிரே. காலையில் நான் கட்டும் முதல் முழம் மல்லி அவர் கடை முருகன் படத்துக்கு. அவர் ஆற்றும் முதல் கிளாஸ் தேத்தண்ணி எனக்கு. காசு பேச்சே கிடையாது.

இரண்டு பேரும் ஒரே எஸ்டேட். எஸ்டேட்டை விற்றபோது மேனேஜர் ஒவ்வொரு குடும்பமாக ஆபீசுக்குக் கூப்பிட்டுப் பேசியே மொத்த லயத்து வீடுகளையும் காலி செய்துவிட்டான். அந்தக் கதையை மணியம் அண்ணே சொல்லும்போது கிளாஸை டங்கென்று மேசையில் வைப்பார். அவ்வளவு கோபம்.

அதனால்தான் அவரை நம்பினோம்.

நகராண்மைக் கழகத்தில் பாசார் கூரை பழசாகிவிட்டது, இடிக்கப்போகிறோம் என்றார்கள். பஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் புதுக் கட்டடம், கடையெல்லாம் குலுக்கல் போட்டுத்தான் கொடுப்போம் என்றார்கள். கடைக்காரர்கள் எல்லாரும் மணியம் அண்ணனிடம் ஓடினோம். மலாய் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆபீசர்களும் அவர் பேசினால் கேட்பார்கள்.

"குலுக்கல் வேணாம், இப்ப இருக்கிற வரிசையிலேயே கடை குடுங்கன்னு கேப்போம். எஸ்டேட்டுல ஒவ்வொருத்தரா போயித்தான் நாசமாப் போனோம். இந்தத் தடவ ஒருத்தரும் தனியா போய் எடுக்கக் கூடாது லா."

இது அவர் வாயால் சொன்னது. சொல்லிவிட்டு முருகன் படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, கையால் அணைத்து, முதல் சத்தியம் செய்தவரும் அவர்தான். மீன் கடை சீன அக்காகூட "ஓகே லா" என்று சொல்லிக் கற்பூரத்தில் கை வைத்தார்.

குலுக்கல் அன்று கடையை எல்லாம் சாத்திவிட்டு பாசார் வாசலில் கூடினோம். மணியம் அண்ணே மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்துவிட்டு, ஆபீசரிடம் பேசி வைக்கிறேன், நீங்கள் சேர்ந்து வாருங்கள் என்று சொல்லிவிட்டு முன்னால் போனார்.

நாங்கள் வெயிலில் நடந்துபோய் நகராண்மைக் கழக ஹாலுக்குள் நுழைந்தோம். மேசைமேல் நம்பர் சீட்டு போட்ட பிஸ்கட் டின் இருந்தது. பக்கத்தில் மணியம் அண்ணே நின்றார்... கையில் சீட்டோடு.

"என்னண்ணே இது?"

"எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு தங்கச்சி. ஒண்ணுமே கிடைக்காமப் போயிருமோன்னு பயமா இருந்துச்சு."

"எனக்கு மட்டும் என்ன, கல்லா பொறந்துச்சு?"

சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் எடுத்துவிட்டார் என்று தெரிந்ததும் எல்லாரும் மேசைக்கு ஓடினார்கள். சீன அக்கா என்னை இடித்துக்கொண்டு போனார். நான் எடுக்கவே இல்லை. டின்னில் மிஞ்சிய ஒரு சீட்டை ஆபீசரே எடுத்து என் கையில் திணித்தார்.

முதலில் எடுத்தால் நல்ல இடம் வரும் என்று யார் அவருக்குச் சொன்னார்களோ! அவருக்கு விழுந்ததும் கட்டடத்தின் பின்பக்கம்தான். அடுத்த கடை என்னுடையது. அதற்கு அடுத்தது டாண்டாஸ். டாய்லெட் வாடையில் யார் சாமிக்குப் பூ வாங்குவார்கள்?

மாற்றிக் கேட்டேன், முடியாது என்றுவிட்டார்கள்.

புதுக் கட்டடத்தில் முதல் நாள் காலை. தேத்தண்ணி கிளாஸை நீட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"பூ இல்லண்ணே" என்றேன். கூடை நிறைய மல்லி, அவர் கண் முன்னாலேயே.

கிளாஸை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். மறுநாள் முருகன் படத்தில் பிளாஸ்டிக் மாலை தொங்கியது. வேறு யாரிடமும் அவர் பூ வாங்கியதில்லை. தேத்தண்ணி குடிக்க வருகிறவர்களிடம் பக்கத்தில் நல்ல பூ இருக்கிறது, வாங்கிப் போங்கள் என்பார். அதைக் கேட்டால் எனக்கு இன்னும் எரியும்.

வாசல் கடை போனதுகூட ஆறிவிட்டது. வெள்ளிக்கிழமையானால் மோட்டாரில் பூவை ஏற்றிக்கொண்டு கோயிலுக்கே போய்விடுகிறேன், பிழைப்பு ஓடுகிறது. ஆனால் அந்த மனுஷன் சொன்னார் என்று கடைசி ஆளாக அந்த ஹாலில் நின்றேனே... அது ஆறவில்லை.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "தப்புத்தான் தங்கச்சி" என்று சொல்லியிருக்கலாம்.

காலையில் அவர் மூத்த மகள் வந்தாள். அன்று ஹாலில் அவர் சொன்ன இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி. பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது.

"அக்கா, அப்பாவுக்கு ஒரு மாலை வேணும். நல்ல பூவா வைங்க."

பூ இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது... உட்காரச் சொல்லிவிட்டுக் கட்டினேன்.

சம்பங்கி, ரோஜா, நடுவில் மல்லி நெருக்கமாக. குறை வைக்கவில்லை அண்ணே.

உங்கள் கடையில் அந்தப் பிளாஸ்டிக் மாலை அப்படியே தொங்குகிறது. அதை நான் தொடவில்லை. சத்தியம் முருகன் முன்னால்தானே செய்தீர்கள், அவரிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

போய் வாங்க.