ஒரு பக்கம் பார்த்தால்

பல்கலைக்கழகத்தில் அவருக்குத் 'தூதர்' என்று பெயர். பிள்ளைகள் கிண்டலாக வைத்த பட்டப்பெயர்தான். ஆனால் மனிதருக்கு உள்ளூர அதில் ஒரு பெருமை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அண்டை நாட்டை ஆராய்வதற்கென்றே ஒரு மையம். அதற்கு அவர் இயக்குநர். மையம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நூலகக் கட்டடத்தின் மேல்மாடியில் மூன்று அறை, பக்கத்தில் எப்போதும் ஒழுகுகிற கழிப்பறை. அந்த நாட்டில் ஒரு மந்திரி தும்மினாலும் பத்திரிகைக்காரர்கள் இவருக்குத்தான் போன் போடுவார்கள். இவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு பக்கம் பார்த்தா அப்படி, இன்னொரு பக்கம் பார்த்தா இப்படியும் சொல்லலாம்" என்று ஆரம்பிப்பார். எந்தப் பக்கமும் சாயாமல் பேசிப் பேசியே இயக்குநர் நாற்காலி வரைக்கும் வந்துவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, அதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும்.

அந்த மையத்தில் அந்த நாட்டு ஆள் என்று இருந்தது ஒரே ஒருத்தி, மொழி டீச்சர். இளவயதில் வேலைக்கு வந்தவள், இங்கேயே காலூன்றிவிட்டாள். மேடையில் இயக்குநர் அந்த நாட்டு மொழியில் நாலு வரி பேசிக் கைதட்டு வாங்குவாரே, அதெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்துப் பழக்கியது. ஆபீசில் அவளுக்கு அவர் 'சார்', வீட்டில் 'அண்ணா'. அவர் மனைவி இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பெற்ற மகன் போனில் விசாரித்ததோடு சரி. கூடவே இருந்து தலைவாரி விட்டது இவள்தான். விருந்தினர் யார் வந்தாலும் இயக்குநர் அவளைக் கூப்பிட்டு, "இது என் கூடப் பிறக்காத தங்கச்சி" என்பார். பக்கத்தில் நிற்க வைத்துப் படமும் எடுத்துக்கொள்வார்.

அப்புறம் எல்லையில் சுட்டுக்கொண்டார்கள். இரண்டு நாடும் முறுக்கிக்கொண்டு நின்ற நேரம் பார்த்து டீச்சரின் வேலை ஒப்பந்தம் முடிந்தது. அதை நீட்டித்தால்தான் அவள் இந்த நாட்டில் இருக்க முடியும். துணைவேந்தர் அறையில் கூட்டம் போட்டார்கள். அரசாங்கத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். பார்ப்பதற்கு விறைப்பாக இருந்தாலும் தன்மையான மனிதர்.

"சார், இவங்கள உங்களுக்கு நல்லாத் தெரியும்தானே? ஒண்ணும் பிரச்சனையில்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நீட்டிச்சிடலாம்" என்றார்.

'தெரியும், தங்கமானவள்' என்றால் வேலை முடிந்தது. பாவி மனிதர் தொண்டையைச் செருமினார்.

"அந்த நாட்டுக்காரங்களப் பொறுத்தவரைக்கும் எதையும் அடிச்சுச் சொல்றது கஷ்டம். ஒரு பக்கம் பார்த்தா பாடம் நல்லாதான் நடத்துறாங்க. இன்னொரு பக்கம்... தனிப்பட்ட முறையில எனக்கு அவ்வளவாப் பழக்கமில்ல."

யாரும் அவரை மிரட்டவில்லை. நாளைக்கு ஏதாவது ஆகித் தன் தலை உருண்டால் என்ன செய்வது என்று ஒரு கணம் தோன்றியது, வாய் அது பாட்டுக்குப் பழகிய வழியில் போய்விட்டது. "அப்ப எதுக்கு வம்பு, விட்ருவோம்" என்றார் துணைவேந்தர். டீ வந்தது. இவர் அதையும் குடித்தார்.

படியிறங்கும்போதுதான் பேசியது உறைத்தது. உடம்பெல்லாம் கூசியது. திரும்பிப் போய், "தப்பாச் சொல்லிட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். அதிகாரியின் கார்கூட இன்னும் கிளம்பவில்லை. ஆனால் சொன்னதை மாற்றிச் சொல்ல அதைவிட வெட்கமாக இருந்ததாம். என்ன வெட்கமோ போங்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். அவள் கழுவிக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"பழக்கமில்லன்னா சொன்னீங்க?"

வேறெதுவும் கேட்கவில்லை. நாலு திட்டுத் திட்டியிருந்தாலாவது தேவலை. அன்றிலிருந்து அவள் முகத்தை நேருக்கு நேர் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் டீச்சர் விடைபெற வீட்டுக்கு வந்தாள். அழுத முகம், ஆனால் சிரித்துக்கொண்டுதான் உள்ளே வந்தாள். இயக்குநர் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"மீட்டிங்ல எனக்காக எவ்வளவு போராடியிருப்பீங்கன்னு தெரியும் அண்ணா. அவங்க கேக்கலன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? மனசப் போட்டு உழப்பிக்காதீங்க."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஆனால் அவர், "என்னால முடிஞ்சதச் செஞ்சேம்மா" என்றார். சொன்ன மாத்திரத்தில் தன்மீதே காறித் துப்பலாம் போலிருந்தது.

"இன்னொரு உதவி அண்ணா. அங்க ஒரு காலேஜ்ல வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன். என்னை நல்லாத் தெரிஞ்சவங்க யாராவது ஒருத்தர் பேரைக் கேக்கறாங்க. போன் பண்ணி விசாரிப்பாங்களாம். உங்க பேரைக் கொடுக்கட்டுமா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"அவர் பேர் வேண்டாம்மா. என் பேரைக் கொடு."

"என்ன அண்ணி, பெரிய மனுஷர் இருக்கும்போது உங்க பேரையா?" என்று டீச்சர் சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை. டீச்சர் அவர் பக்கம் திரும்பினாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.