கம்பியின் அழுக்கு

என் மேசை இழுப்பறையில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி கிடக்கிறது. அடியில் நான்கு கம்பிகள். இரண்டை ஒரு கண்ணாடி டம்ளரிலும் இரண்டை இன்னொன்றிலும் முக்கி, சுவிட்சைப் போட வேண்டும். ஒரு காலத்தில் இதைப் பையில் வைத்துக்கொண்டு நெல்லித்தோப்பில் வீடு வீடாக ஏறி இறங்கி, தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்றேன்.

கிணற்று வீட்டு அக்காவை அங்கேதான் பார்த்தேன். தெருவில் எல்லோரும் போர் போட்டுவிட்டுக் கிணற்றைத் தூர்த்திருந்தார்கள். மிஞ்சியது அவர் வீட்டுப் பின்கட்டுக் கிணறு ஒன்றுதான். கோடையிலும் வற்றாது, உப்புக் கரிக்காது. குடிக்கிற தண்ணீருக்கு அக்கம்பக்கத்தார் குடத்தோடு அங்கேதான் வருவார்கள். "எங்க தண்ணிக்கு மெஷினா? போ தம்பி, வேற வேலயப் பாரு" என்று சிரித்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு டம்ளரில் அவர் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் நான் கொண்டுபோன மெஷின் தண்ணீர். சுவிட்சைப் போட்டேன். கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, கசடு மிதந்தது. மெஷின் தண்ணீர் பளிங்காகவே இருந்தது. அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. சுவரில் கணவரின் படம். சிறுநீரகம் கெட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து இறந்தவர். "அய்யய்யோ, இதையா நான் அவருக்கு மொண்டு மொண்டு குடுத்தேன்?" என்று அலறினார். "இனிமேலாவது பசங்களப் பாருங்கக்கா" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

அக்கா வாங்கிய மெஷினை மாட்டப் போனபோது கிணறு இல்லை. இடிந்த கட்டடத்துச் செங்கல்லைக் கொட்டி மூடி, மேலே சிமென்ட் பூசியிருந்தார்கள். பகீரென்றது. ஆனாலும் வந்த வேலையை முடித்துவிட்டுத்தான் திரும்பினேன்.

அடுத்த மாதம் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மாவின் வீட்டில் இதே வித்தையைக் காட்டினேன். அவர் எழுந்துபோய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்துவந்து என் மெஷின் தண்ணீரில் போட்டார். "இப்ப சுவிட்சப் போடுங்க." பளிங்குத் தண்ணீர் என் கண்ணெதிரே சாக்கடையானது. "உப்பு இருந்தா கரண்ட் பாயும், கம்பி கரையும். நல்ல தண்ணியிலயும் கொஞ்சம் உப்பு இருக்குமே. அழுக்கு தண்ணியில இல்ல தம்பி, உங்க கம்பியில." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பி தேய்ந்துவிட்டது என்று ஆபீசில் அடிக்கடி புதுக் கம்பி கேட்டு வாங்கியவன் நான்தானே! தேய்ந்த இரும்பு எங்கே போகிறது என்று ஒருநாளாவது யோசித்தேனா, மடையன்? வேலையை விட்டேன். அக்காவிடம் போய்ச் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. ஏழெட்டு வருஷம் அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை.

போன வாரம்தான் போனேன். அக்காவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "போர் தண்ணிய வாயில வெக்க முடியல தம்பி. மெஷினு ஒரு குடம் குடுக்கறதுக்குள்ள மூணு குடம் சாக்கடைக்குப் போவுது. என்ன பண்றது, நீ அன்னிக்கு வரலன்னா அந்த விஷத்தயே குடிச்சிட்டிருந்திருப்போம்" என்றார். மெஷினின் கழிவுநீர், கிணறு இருந்த சிமென்ட் தரை மீதே ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. பையில் கொண்டுபோயிருந்த கருவியை எடுத்தேன். அவர் வீட்டு மெஷின் தண்ணீரிலேயே உப்புப் போட்டுக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்றைக் கேட்டுக் கத்துவார், நாலு அறை விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பழுப்புத் தண்ணீரையே பார்த்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இத்தினி வருஷமா நாந்தான் அவர சாவடிச்சேன்னு நெனச்சிட்டிருந்தேனே தம்பி. ஒரு வார்த்த வந்து சொல்லக் கூடாதா?"

ஆய்வக அம்மா வீட்டில் அன்று அதிர்ந்ததெல்லாம் இதற்கு முன் ஒன்றுமில்லை. கிணறு போயிற்றே என்று மட்டுமே நான் இத்தனை வருஷமும் வருந்தியிருக்கிறேன். இழுப்பறையைத் திறந்து பார்க்கிறேன். மெஷின் தண்ணீரில் முக்கி எடுத்த கம்பிகள் கிட்டத்தட்ட வாங்கியபடியே இருக்கின்றன. மற்ற இரண்டும் ஊசியாய் மெலிந்துவிட்டன. தொட்டால் விரலில் துரு ஒட்டுகிறது.