சுவருக்குக் கீழ்ப் பக்கம்

மாத்தளை டவுன்ல எங்க லயம், வரிசையா ஒட்டிக் கட்டின கூலிக்காரங்க வீடுங்க, பள்ளத்துல இருக்கு. மேட்டுல எல்லாம் மாடி வீடு. நடுவுல உசரமான கல்லுச் சுவர், மேட்டு மண்ணு எங்க மேல சரியாம இருக்கக் கட்டினது. அத ஒட்டித்தான் எங்க அடுப்பு எரியுற குசினி. மேட்டு வீடு ஒண்ணுல நான் சமையல் வேலை செய்றேன். காலையில ஏறணும், பொழுது சாய இறங்கணும், அதுதான் என் பொழப்பு.

சுவர்ல தண்ணி வடியக் குழாய் வச்சிருந்தாங்க. மழை பெஞ்சா மேட்டு ஊத்தத் தண்ணியெல்லாம் எங்க குசினி வாசல்ல கொட்டும். சீ, என்ன நாத்தம்! மேல சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். போன சித்திரை வருசப் பிறப்புக்கு வீடு வாசல் கழுவுறப்ப, லயத்து ஆம்பளைங்க சேர்ந்து குழாய் அத்தனையும் சீமெந்து போட்டு அடைச்சிட்டாங்க. எங்க அண்ணன்தான் முன்னுக்கு நின்னுச்சு. "அவங்க அழுக்க இனி அவங்களே வச்சுக்கட்டும்"னு சொல்லிச்சு. எங்களுக்கு ஒரே சந்தோசம்.

ஐப்பசியில மழை விடாமப் பிடிச்சிக்கிச்சு. சுவர்ல ஒரு சொட்டு வடியல, எல்லாம் மேட்டு மண்ணுக்குள்ளயே ஊறி நின்னுச்சு. அண்ணன் பொஞ்சாதிக்கு அப்ப நிறைமாசம். அரிசி களைஞ்சுகிட்டே, "ஏ புள்ள, எனக்குப் போட்டியா சுவரும் வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது பாரு"ன்னு மதினி சிரிச்சாங்க. நெசமாவே கல்லு முன்னுக்குத் தள்ளிக்கிட்டு நின்னுச்சு. எனக்குச் சிரிப்பு வரல.

மறுநாள் காலையில மேட்டு வீட்டுத் தோட்டத்துல, சுவரோரமா தரை நீளத்துக்கு வெடிச்சுக் கிடந்துச்சு. என் கையே உள்ள போகும். வீட்டம்மா பார்த்துட்டு, "விருந்தாளி வர்றாங்க, அதுக்கு மேல பூச்சாடிய வரிசையா வை"ன்னாங்க. ஒரு சாடியத் தூக்கினேன். சுவருக்கு அந்தப் பக்கம் எங்க குசினிப் புகை எழும்பிச்சு. மதினி அடுப்பு மூட்டிட்டாங்க.

"அம்மா, சுவர் விழுந்துருமோன்னு பயமா இருக்குங்க."

அந்தம்மா நல்லவங்கதான். என் தோள்ல கையப் போட்டு, ஆறுதலா சொன்னாங்க:

"நீ ஏன் பயப்படுற? விழுந்தாலும் நம்ம பக்கம் விழாது."

சாடிய அப்படியே போட்டுட்டு, "மதினி, வெளிய வாங்க, வெளிய வாங்க"ன்னு கத்திக்கிட்டே ஓடினேன்.