டாலிகஞ்சில் ஒரு பறிமுதல்

டாலிகஞ்சில் ஓர் அரசுக் குடியிருப்பின் வாசலில் நிற்கிறேன். கையில், பால் பாக்கெட் உறையில் ஒரு கறிவேப்பிலைக் கன்று. தங்கியிருந்த வீட்டின் விஜயா அக்கா, திருநெல்வேலிக்காரர், தோட்டத்திலிருந்து தோண்டிக் கொடுத்தது. காவலர் வழிமறித்து அறிவிப்புப் பலகையைக் காட்டுகிறார். இந்த மண்ணில் முளைத்த செடி அரசாங்கச் சொத்து. அனுமதிக் கடிதம் இல்லாமல் வெளியே போகக் கூடாதாம்.

"கடிதம் எங்கே வாங்கணும்?" என்று இந்தியில் கேட்கிறேன்.

"அலிப்பூர் ஆபீஸ்ல. இன்னைக்கு ஞாயிறு, லீவு."

மதியம் எனக்கு ரயில். வழியனுப்ப வந்த அக்காவுக்குக் கோபம் வருகிறது. "தாதா, எங்க ஊர் விதை, நான் போட்டது!"

"விதை உங்களோடது பௌதி. மண்ணு சர்க்காரோடது." வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன், பௌதி என்றால் அண்ணி. மரியாதைக்கு அவர் குறை வைக்கவில்லை.

"செத்த பொறு தம்பி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அக்கா அவர் பக்கம் திரும்புகிறார். "மீறிக் கொண்டுபோனா என்ன செய்வீங்க?"

"பறிமுதல் செஞ்சு வெளியே போட்டுடுவேன்."

"அப்போ செய்யுங்க."

காவலர் ஒரு நிமிஷம் யோசிக்கிறார். பிறகு கன்றை வாங்கி, நோட்டில் எழுதி, வாசலுக்கு வெளியே நடைபாதையில் நிழல் பார்த்து வைக்கிறார். நான் போய் எடுத்துக்கொள்கிறேன்.

"ரெண்டு நாள் வெயில் படக் கூடாது" என்கிறார் கண்டிப்பாக.

ரிக்‌ஷாவில் ஏறித் திரும்பிப் பார்க்கிறேன். மாடி வீட்டு வங்காளி அம்மாள் எலுமிச்சைக் கன்றோடு அவர்முன் நிற்கிறார். "தாதா, இதையும் கொஞ்சம் பறிமுதல் பண்ணுங்க. என் தங்கச்சி வெளியே காத்திருக்கா."