இரண்டாவது ஆல்பத்தில் பாடிய பெண்

பஹ்ரைனில் ஏசி மெக்கானிக்குகளாக இருந்த நாங்கள் நான்கு பேரும் குதைபியாவில் ஒரே ரூமில் தங்கியிருந்தோம். லீவு நாட்களில் உறுமி அடித்து நாட்டுப்புறப் பாட்டுப் பாடுவோம். போனில் பதிவு செய்து வெளியிட்ட எங்கள் முதல் ஆல்பத்தைத் தமிழ்த் தொழிலாளர்கள் கேம்ப் கேம்பாகக் கேட்டார்கள்.

இரண்டாவது ஆல்பம் பாப் இசையாகத்தான் இருக்க வேண்டும் என்று, உறுமி அடிப்பவரே ஒற்றைக் காலில் நின்றார். தாளத்தைக் கம்ப்யூட்டரில் போட்டோம். எங்கள் பாடகர் தென்காசிக்காரர். அவர் கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். அந்தக் குரலை ஒரு மென்பொருளில் போட்டு நான் மெருகேற்றினேன். மெருகு கொஞ்சம் கூடிப்போய்விட்டது.

பாட்டை அனுப்பிய ஐந்தாவது நிமிடம் ஊரிலிருந்து அவர் மனைவி வீடியோ காலில் வந்தார்.

“உங்க கூடப் பாடுறாளே, அவ யாரு?”

“ஏளா, நாந்தான் பாடுறேன்!”

“பொய் சொல்லாதீய. பொம்பள குரல் எனக்குத் தெரியாதாக்கும்?”

நாங்கள் மூவரும் கேமரா முன்னால் நின்று சத்தியம் செய்தோம். கம்ப்யூட்டரையும் தூக்கிக் காட்டினோம். அந்த அம்மா மசியவில்லை.

“அப்ப இங்கனயே பாடிக் காட்டுங்க.”

பாடகர் தண்ணீர் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, பாட்டில் வந்த அந்த உச்சத்தை எட்டிப் பிடிக்கப் பார்த்தார். தேங்காய்ச் சில்லு சிக்கிய மிக்ஸி போல ஒரு சத்தம் வந்தது. பக்கத்து ரூம் மலையாளி பதறி ஓடிவந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.

போனில் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

“போதும், போதும். அவளே பாடட்டும்.”