நாலாவது நட்டு

என் மனைவிக்கு முதல் பிரசவ வலி எடுத்தபோது நான் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் சாயப் பிரிவில் இருந்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. தகவல் வந்து வீட்டுக்கு ஓடினேன். மருத்துவச்சி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"குழந்த குறுக்க இருக்குது. இங்க ஆவாது. உடனே வேலூருக்கு இட்டுனு போ."

பக்கத்து வீட்டு பாய் தோல் வியாபாரி. மெட்ராஸில் யாரோ விற்ற பழைய வெளிநாட்டுக் கார் ஒன்றை அந்த மாதம்தான் வாங்கியிருந்தார். நான் வாய் திறக்கும் முன்பே காரை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். பின் சீட்டில் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாயே ஓட்டினார்.

மாதனூரைத் தாண்டி, பள்ளிகொண்டா வருவதற்குள் பின்சக்கரம் பஞ்சரானது.

"ஸ்டெப்னி இருக்குது தம்பி, பயப்படாத. ரெண்டு நிமிஷம்" என்று பாய் இறங்கினார். சக்கரத்துக்கு நாலு நட்டு. மூன்று எளிதாகத் தளர்ந்தன. நாலாவது நட்டில் ஸ்பானர் நிற்கவே இல்லை. விளிம்பே இல்லாமல் உருண்டையாக இருந்தது. முகப்பில் மட்டும் பூவைப்போல ஒரு பள்ளம். சக்கரத்தைத் திருடிக்கொண்டு போகாமலிருக்கப் போடுகிற பூட்டு நட்டு அது. அதற்கென்று தனிச் சாவி உண்டு. டிக்கியையும் சீட்டுக்கு அடியிலும் பாய் துழாவினார். விற்றவர் அதைக் கொடுக்கவே இல்லை.

சாலையில் அதிக வண்டி இல்லை. ஒரு பஸ் நிற்காமல் போனது. அப்புறம் தோல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று நின்றது. டிரைவர் குனிந்து பார்த்தார்.

"இன்னா பாய் இது, நட்டா கோலியா?"

"எப்படியாவது கழட்டுப்பா. உள்ள புள்ளத்தாச்சி இருக்குது."

அவர் தன் பெட்டியிலிருந்து நட்டைவிடக் கொஞ்சம் சின்ன வாயுள்ள குழல் ஸ்பானரான சாக்கெட்டைத் தேடி எடுத்து, அதை நட்டின்மேல் வைத்துச் சம்மட்டியால் அறைந்தார். ஒவ்வொரு அடிக்கும் கார் முழுவதும் அதிர்ந்தது. என் மனைவி என் கையைக் கடித்தாள். "என்ன எறக்கிடுங்க" என்று அழுதாள். சாலையோரப் புளிய மர நிழலில் போர்வையை விரித்துப் படுக்கவைத்தேன். அவள் சேலை நனைந்து சிவந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

சாக்கெட் இறுகியதும் நீளமான பைப்பைச் செருகித் திருப்பினார்கள். வழுக்கியது. மறுபடி அறைந்தார்கள், மறுபடி வழுக்கியது. லாரியில் அவளை ஏற்றிவிடலாமா என்று கேட்டேன். "அந்த உயரத்துக்கு எப்படிப்பா ஏத்துறது? இதோ, வந்துடும்" என்றார் டிரைவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அடுத்த அடியில் வந்துவிடும், அடுத்த அடியில் வந்துவிடும் என்றே நேரம் போனது.

கடைசியில் உளியை எடுத்தார். நட்டின் ஓரத்தில் சாய்த்து வைத்து, அது கழலும் பக்கமாகவே தட்டினார். உளி இரும்பில் பதிந்தது. நட்டு மயிரிழை நகர்ந்தது. பாய் "அல்லா" என்று சத்தமாக அழுதுவிட்டார். நட்டு கையோடு வந்ததும் சக்கரத்தை மாற்றி மூன்று நட்டோடு கிளம்பினோம்.

மருத்துவமனையில் மனைவியைக் காப்பாற்றிவிட்டார்கள். பையன் அழவே இல்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அத யாராலயும் சொல்ல முடியாதுப்பா" என்றார். பின்னால் நின்றிருந்த பாய் அதைக் கேட்டார்.

பையனைத் துணியில் சுற்றி அதே காரில் ஊருக்குக் கொண்டுவந்தேன். பாலாற்றங்கரையில் குழி வெட்டும்போது பாய் மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அந்த வாரமே காரை விற்றுவிட்டார். எங்கள் வாசலைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொள்ள ஆரம்பித்தார். என் மனைவி நடக்கத் தெம்பு வந்ததும் அவர் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"ஏண்ணா எங்க வூட்டுப் பக்கம் வர்றதில்ல?"

"வாங்கறப்பவே அந்தச் சாவியக் கேட்டிருக்கணும்மா. கேக்காம வுட்டுட்டேன்."

"நீங்க கார் எடுக்கலன்னா நானும் போயிருப்பேன். அத யாரு உங்களுக்குச் சொல்றது?"

பாயின் மனைவிதான் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதார்.

அடுத்த பிரசவத்துக்கு மாதம் நெருங்கும் முன்பே வேலூரில் சொந்தக்காரர் வீட்டில் போய்த் தங்கிக்கொண்டோம். பெண் பிறந்தாள். ஆம்பூருக்குத் திரும்பியதும் பாய் பார்க்க வந்தார். மனைவி குழந்தையை நீட்டினாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேண்டாமென்று தலையசைத்தார். நின்றபடியே பார்த்து ஏதோ ஓதிவிட்டுப் போனார்.

கொஞ்ச நாளில் குடும்பத்தோடு பேரணாம்பட்டுக்குக் குடிபோய்விட்டார். போவதை எங்களிடம் அவர் மனைவிதான் வந்து சொன்னார்.